ஒன்பது சுற்று

விசிறியை நிறுத்த வேண்டாம், ஐயா. சத்தம் போடுகிறதே என்று நீங்கள் இரண்டு முறை அண்ணாந்து பார்த்துவிட்டீர்கள்; எனக்கு அது தொந்தரவே இல்லை. காற்று வருகிற அறையில் உட்கார்ந்து நிதானமாகப் பேசி நெடுநாளாகிறது. நீங்கள் போட்டுக் காட்டிய ஒலிப்பதிவை முழுக்கக் கேட்டேன். நான் கத்துவேன், மயங்கி விழுவேன், வக்கீல் வேண்டும் என்பேன் என்று நினைத்து உங்கள் உதவியாளர் வாசலிலேயே விறைப்பாக நிற்கிறார். பாவம், அவரையும் உட்காரச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் சொல்கிறேன். வரிசையாகச் சொல்ல விட்டால் போதும்.

அண்ணனிடமிருந்து தொடங்குகிறேன். எனக்கும் அவருக்கும் பதின்மூன்று வயது வித்தியாசம். எனக்கு ஒன்பது வயதாகும்போது அப்பா போனார், அடுத்த வருஷம் அம்மா. அதற்குப் பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவர் அண்ணன்தான். பார்க்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் மறுக்கவில்லை. அவருக்குத் தொழில் மீன்தொட்டி செய்வது. ஓட்டல் முகப்பில், வங்கி வரவேற்பறையில், மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் வைக்கிற பெரிய தொட்டிகள். கண்ணாடியை அளந்து அறுத்து, விளிம்பைத் தேய்த்து, மூலைகளில் பசை பிதுக்கி ஒட்ட வேண்டும். அது காய்கிற வரை பட்டறை முழுக்கப் புளித்த காடி வாடை அடிக்கும். நான் பள்ளிக்கூடம் முடித்த மறுநாளே பசை பிதுக்கும் துப்பாக்கி என் கைக்கு வந்துவிட்டது. நீ என்ன செய்யப் போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. மாடி அறை எனக்கு, சாப்பாடு கீழே அண்ணி கையால். என் சட்டை அளவு அண்ணிக்குத்தான் தெரியும். முப்பத்தொன்பது வயது ஆள் இதைச் சொல்கிறேன்.

தேவாலயத்து இசைக்குழுவும் அண்ணனுடையதுதான். அவர் டிரம்பெட். பல் டாக்டர் ஒருவர் பியானோ. நெட்டை என்று நாங்கள் கூப்பிடும் கணக்கு வாத்தியார் பேஸ் கிட்டார். சபையில் காலங்காலமாக நின்றுகொண்டு பாடுகிற ஞானப்பாட்டுகளை ஜாஸ் நடையில் வாசிப்போம். ராகம் அதுவேதான், நடைதான் வேறு. அதே பாட்டு கொஞ்சம் இடுப்பை அசைத்துக்கொண்டு வரும். முதலில் மூத்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஆறு மாதம் கழித்து அவர்களுடைய செருப்பு நுனிகள் தாளம் போடுவதை நானே பார்த்தேன். அப்போதிருந்த டிரம்ஸ்காரர் வேலை மாற்றலாகிப் போனதும், அண்ணன் என்னைப் பார்த்து, "நீ உட்காருடா" என்றார். உட்கார்ந்தேன். பதினெட்டு வருஷம் ஆகிறது. நன்றாகவே வாசித்தேன், இதில் நான் அடக்கம் பார்க்க மாட்டேன். கம்பி பிரஷ்ஷை எடுத்து ஸ்னேர் என்கிற சின்ன முரசு மேல் வட்டமாகத் தேய்க்கும்போது கடைசி வரிசைக் குழந்தைகூட அழுகையை நிறுத்தும்.

அந்தக் கண்ணாடிப் பெட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பதினொரு வருஷத்துக்கு முன் சில அத்தைமார் போதகரிடம் போய், டிரம்ஸ் சத்தத்தில் ஜெபமே ஓடவில்லை என்றார்கள். சத்தத்தைக் குறைத்து வாசிக்கிறேன் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "கவலைய விடுங்க, ஒரே வாரத்துல முடிச்சுடறேன்" என்றார். என்னையும் டிரம்ஸையும் சுற்றி நான்கு பக்கமும் கண்ணாடி, மேலே பஞ்சு வைத்த கூரை, பின்னால் ஒரு கதவு, மூலையில் சின்ன விசிறி. மூலைகளுக்குப் பசை பிதுக்கியது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். திறப்பு விழா மாதிரி எல்லாரும் கைதட்ட, நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். நெட்டை வந்து கண்ணாடியை விரலால் தட்டி, பொரி போடுவது போலக் கையை உதறிக் காட்டினான். அன்றிலிருந்து என் பெயர் மீனு. போதகர்கூட ஒருமுறை பிரசங்க மேடையிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டார். பகலில் தொட்டி செய்தேன், சாயங்காலம் தொட்டிக்குள் உட்கார்ந்தேன். இதை நான் சிரிப்புக்காகச் சொல்வதாகவே எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள்.

பெட்டிக்குள் வெளிச்சத்தம் சரியாகக் கேட்காது. அதனால் காதில் ஹெட்போன். அண்ணன் காலடியில் ஒரு மிதிகட்டை இருக்கும். அதை மிதித்துக்கொண்டு அவர் மைக்கில் பேசினால், என் காதில் மட்டும் விழும். சபைக்குக் கேட்காது, பியானோவுக்கும் கேட்காது. பாட்டுக்கு நடுவில் பேசிக்கொண்டே இருப்பார். "மெதுவா", "தூங்கறியா", "மூணாவது வரிசையில பச்சை சேலை, உனக்குப் பாக்கலாமாடா." நான் பதில் சொல்ல உள்ளே மைக் வைக்கவில்லை. தேவைப்படவில்லை என்றார்கள்.

இனி நான் சொல்வது உங்களுக்குப் புரிய வேண்டும், ஏனென்றால் எல்லாம் இதில்தான் நடந்தது. எங்கள் வாசிப்பில் முதலில் எல்லாரும் சேர்ந்து பாட்டை ஒரு தடவை வாசிப்போம். பிறகு ஒருவர் மட்டும் தன் மனம்போல ஊதுவார், மற்றவர்கள் அடியில் பாட்டைச் சுற்றிச் சுற்றி வாசித்துத் தாங்குவோம். பாட்டு ஒரு முறை முழுதாகப் போய்வருவது ஒரு சுற்று, ஏறக்குறைய நாற்பது நொடி. எத்தனை சுற்று ஆனாலும் அதை முடிப்பது டிரம்ஸ். ஸ்னேரில் ஒரு நீண்ட அடி, பெரிய சிம்பல் தட்டில் ஓங்கி ஒன்று. அதற்கு எங்களிடம் பெயர் கூப்பாடு. கூப்பாடு விழுந்தால்தான் எல்லாரும் பாட்டுக்குத் திரும்புவார்கள். ஒரு சமயம் பல் டாக்டர் அவசரப்பட்டு நடுவில் புகுந்து, கச்சேரியே சந்தி சிரித்தது. அதிலிருந்து அண்ணன் சட்டம் போட்டார்: "கூப்பாடு விழாம எவனும் உள்ள வரக் கூடாது, எவனும் வெளிய போகக் கூடாது." சட்டம் அவருடையது, ஐயா.

இரண்டு வருஷத்துக்கு முன் அண்ணனுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் ஆயிற்று. ஊதுவதையே விட்டுவிடுங்கள் என்றார் டாக்டர். அண்ணன் பேரம் பேசினார். கடைசியில் டாக்டர் சலித்துப்போய், "ஊதியே தீருவேன்னா ஒண்ணரை நிமிஷம், அதுக்கு மேல ஒரு மூச்சுகூட கூடாது" என்றார். அண்ணன் திரும்பி என்னைக் காட்டினார். "இவன் பாத்துப்பான் சார். ரெண்டு சுத்து, கூப்பாடு. அவன் கை தப்பாது."

அன்று அண்ணி மாடி ஏறி வந்தார். அவர் மாடிக்கு வந்ததே அபூர்வம், முட்டி வலி. கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவரு ஊதாம இருக்க மாட்டாரு. நீ அங்க இருக்கறவரைக்கும் எனக்குப் பயமில்ல. எங்கயும் போயிடாதப்பா." நான் சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒரு ஞாயிறும் நான் தவறவில்லை. காய்ச்சலோடு வாசித்திருக்கிறேன். ஒரு மனிதருடைய உயிரை என் மணிக்கட்டில் கட்டிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

இந்த வருஷம் ஒரு பயணிகள் கப்பலின் இசைக்குழுவுக்கு ஆள் எடுப்பவர் எங்கள் ஒத்திகையைப் பார்க்க வந்தார். அண்ணனைப் பார்க்க வரவில்லை, என்னைப் பார்க்க வந்தார். பெட்டியின் கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டி, "இங்க எப்படி மூச்சு விடறீங்க?" என்று கேட்டார். பதினொரு வருஷத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர். விசிறி கெட்டுப்போய் அப்போதே மூன்று மாதம் ஆகியிருந்தது. அண்ணனிடம் நாலு தடவை சொன்னேன். பார்க்கலாம் என்பார்.

வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. தேவாலயத்தில் எங்கள் கச்சேரி ஞாயிற்றுக்கிழமை, கப்பல் மறுநாள் திங்கட்கிழமை. பட்டறையில் வைத்து அண்ணனிடம் சொன்னேன். அவர் ஒரு ஆறடித் தொட்டிக்குள் பாதி உடம்பை விட்டு மூலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே வராமலே, "கப்பலா? ஏண்டா, உனக்குத் தொட்டி பத்தலையா, கடலே கேக்குதா?" என்றார். பட்டறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தணித்து, "நீ இல்லேன்னா எனக்கு யாருடா கூப்பாடு போடுவா?" என்று கேட்டார். கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பேன். அவர் கெஞ்சவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். "கச்சேரி முடியட்டும், பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி தொட்டிக்குள் போனார்.

பத்து நாள் யோசித்தேன். கோபம் இல்லை, ஐயா, இதை நீங்கள் நம்ப வேண்டும். தொட்டியில் கசிவு எங்கே என்று தேடுகிற மாதிரி ஒவ்வொரு மூலையாகத் தடவிப் பார்த்தேன். நான் கப்பலேறினால் அவர் வேறு எவனையாவது உட்காரவைத்து ஊதுவார், அவன் கணக்குத் தப்புவான், அண்ணன் போய்விடுவார், பழி என் தலையில் விழும். நான் இங்கேயே இருந்தால் அவர் எண்பது வயது வரை ஊதுவார், நான் அறுபத்தேழு வயதில் விசிறி ஓடாத பெட்டிக்குள் இரண்டு சுற்று எண்ணிக்கொண்டிருப்பேன். எப்படிப் பார்த்தாலும் அவர் இருக்கிற வரை எனக்கு வழி இல்லை. வழி இருந்தால் நான் இந்த எண்ணத்துக்கே வந்திருக்க மாட்டேன்.

கச்சேரி சாயங்காலம் நாலு மணிக்கு. பெஞ்சுகள் நிறைந்து, பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அண்ணி முன் வரிசை. பெட்டிக்குள் போனதும் ஒன்று கவனித்தேன், விசிறி ஓடியது. அண்ணன் காலையிலேயே வந்து சரிசெய்துவிட்டுப் போனாராம். முதல் மூன்று பாட்டும் வழக்கம் போல. இரண்டு சுற்று, கூப்பாடு. இரண்டு சுற்று, கூப்பாடு. அண்ணி ஒவ்வொரு முறையும் என் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். நாலாவது பாட்டுக்கு முன் அண்ணன் தண்ணீர் குடித்துவிட்டு, மிதிகட்டையை மிதித்து ஏதோ பேசினார். அது என்ன என்று பிறகு சொல்கிறேன்.

புயலில் சிக்கிய படகைப் பற்றிய பாட்டு அது. சபைக்கு ரொம்பப் பிடித்தது. அண்ணன் தனியாக ஊதத் தொடங்கினார். அவ்வளவு நன்றாக அவர் ஊதி நான் கேட்டதில்லை. இரண்டு சுற்று முடிந்தது. நான் கூப்பாடு போடவில்லை. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் குச்சியை எடுத்தேன். எல்லாரும் அதை உற்சாகம் என்று நினைத்தார்கள். நெட்டை என்னைப் பார்த்துச் சிரித்தான். மூன்றாவது சுற்றில் அண்ணன் இடது முழங்கையைத் தாழ்த்தினார், கூப்பாடு போடு என்பதற்கு அதுதான் எங்கள் சைகை. நான் சிம்பலைப் பார்த்துக்கொண்டேன். நாலாவது சுற்றில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன், ஒரேயடியாக அல்ல, சுற்றுக்குச் சுற்று யாருக்கும் தெரியாமல். அதற்குக் கை பழகியிருக்க வேண்டும். ஜனங்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். எங்கள் சபை அப்படி எழுந்து நின்று கைதட்டி நான் பார்த்ததே இல்லை. அந்தக் கூட்டத்தின் முன் அண்ணன் டிரம்பெட்டை இறக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இறக்கியிருக்கலாம். அவர் கையை யாரும் கட்டிப்போடவில்லை.

ஐந்தாவது சுற்றில், மூச்சு வாங்குகிற இடைவெளியில், மிதிகட்டையை மிதித்து, "போதும்டா" என்றார். ஆறில், "கூப்பிடு." ஏழில் திரும்பி என்னைப் பார்த்தார். நடுவில் இருந்தது அவர் செய்த கண்ணாடிதான், துளி கறை இல்லாத கண்ணாடி. முகம் சாம்பலாக இருந்தது. எட்டில், "தம்பி" என்றார். வீட்டில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை, டேய்தான். ஒன்பதாவது சுற்றில் மிதிகட்டை மேலேயே கால் நின்றுவிட்டது போல. வெறும் மூச்சு மட்டும் கேட்டது. பல் டாக்டர் இரண்டு முறை என்னைப் பார்த்தார். சட்டம் இருக்கிறதே, அவர் உள்ளே வரவில்லை.

கண்ணாடித் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கால் தடுக்கினாலும் கையில் இருப்பதை முதலில் பத்திரமாகக் கீழே வைப்பார்கள். அண்ணன் குனிந்து டிரம்பெட்டை அதன் தாங்கியில் வைத்தார். பிறகு மேடைப் படியில் உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். ஒன்பதாவது சுற்று முடிய இன்னும் நாலு அடி இருந்தது. அதையும் வாசித்துவிட்டுத்தான் கூப்பாடு போட்டேன். சரியான இடத்தில் விழுந்தது. பழக்க தோஷம், பல் டாக்டரும் நெட்டையும் பாட்டுக்குத் திரும்பி ஒரு வரி வாசித்தே விட்டார்கள். அதற்குப் பிறகுதான் அண்ணியின் சத்தம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், லேசாக.

என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம், மேடை விளக்கு கண்ணாடியில் பட்டு ஒன்றும் தெரியவில்லை, ஹெட்போனும் கொரகொரவென்றது என்றேன். எல்லாரும் நம்பினார்கள். அண்ணி மட்டும் நம்பவில்லை என்று நினைக்காதீர்கள், அவர்தான் அதிகம் நம்பினார். அடக்கம் முடிந்து வந்ததும் என் தலையைத் தடவி, "உன் மேல தப்பில்லப்பா, நீ உன்னால ஆனதப் பண்ணின" என்று சொல்லிச் சொல்லி அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை. எனக்கு அண்ணன் மேல் பாசம் உண்டு.

என் தவறு ஒன்றே ஒன்று. பதினொரு வருஷமாக அந்த மைக் என் காதுக்கு மட்டும்தான் வந்தது, அதனால் அது என் காதுக்கு மட்டும்தான் என்று இருந்துவிட்டேன். அன்றைய கச்சேரியைக் குறுந்தகடாகப் போடுவதாக இருந்ததால், எங்கள் ஒலியமைப்பாளர், காது என்று கூப்பிடுவோம், மேடையில் இருந்த ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாகப் பதிவுக்குப் போட்டிருக்கிறார். மிதிகட்டை மைக்கையும் சேர்த்து. அண்ணன் நினைவாக அவருடைய டிரம்பெட்டை மட்டும் பிரித்து எடுக்க உட்கார்ந்தவர் அதைக் கேட்டிருக்கிறார். மூன்று நாள் கழித்து உங்களிடம் வந்தார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் வேலை அது.

கப்பல் திங்கட்கிழமையே போய்விட்டது. ஏன் போகவில்லை என்று கேட்டீர்கள். சாவு வீட்டை விட்டுவிட்டு எப்படிப் போவது. அண்ணி தனியாக இருந்தார். அடுத்த ஞாயிறு அஞ்சலி ஆராதனை, வாசிக்க ஆள் வேண்டும் என்று போதகர் கேட்டார். உள்ளே போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்கு அடுத்த ஞாயிறும். அந்தக் கதவுக்குப் பூட்டு எங்கே என்று உங்கள் உதவியாளர் தேடினாராம். பூட்டு கிடையாது, ஐயா. தாழ்ப்பாளும் கிடையாது. இரண்டு காந்தத் துண்டுதான், உள்ளிருந்து சுண்டு விரலால் தள்ளினால் திறக்கும். எப்போதும் அப்படித்தான்.

கடைசியாக ஒன்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றீர்கள். நாலாவது பாட்டுக்கு முன் அண்ணன் மைக்கில் சொன்னது எனக்குக் கேட்டதா என்று. ஹெட்போன் கொரகொரத்தது என்று மறுபடி சொல்லலாம். ஆனால் நீங்கள் மரியாதையாக நடந்துகொண்டீர்கள். கேட்டது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"டேய், கப்பல்காரனுக்கு நானே போன் பண்ணிப் பேசிட்டேன். நாளைக்கு வருவான்னு சொல்லிட்டேன். உங்க அண்ணிக்கும் தெரியும், பெட்டியெல்லாம் கட்டி வச்சிருக்கா. இதோட நானும் ஊதறத விட்டுடறேன். இந்தப் பாட்டு முடிஞ்சதும் சபையில சொல்லப் போறேன். நீ சந்தோஷமா போடா."

அப்புறம் ஏன் என்கிறீர்கள். நீங்களே இரண்டு முறை போட்டுக் கேட்டீர்களே, ஐயா. அதையும் அவரே பேசி முடித்திருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.